வண்ணக் கண்ணாடிச் சூரியக் கடிகாரம்: பரிசாகச் செய்யச் சொல்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கோவையில் வீட்டு மொட்டை மாடி அறையில் வண்ணக் கண்ணாடி வேலை செய்கிறேன். புதுமனை, மணிவிழா, பணி ஓய்வு என்று யாருக்காவது பரிசளிக்கச் சூரியக் கடிகாரம் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பற்றித்தான் முதலில் பேசுகிறார்கள். நான் முதலில் கேட்பது சன்னலைப் பற்றி. அங்கே தொடங்கும் பேச்சு எப்படியும் ஒரு மணி நேரம் ஓடும். அதில் வரும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சூரியக் கடிகாரம் தோட்டத்தில் கல் மேடை மேல் இருப்பதல்லவா? சன்னலில் எப்படி?

கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒரு கம்பி நிற்கும். வெயில் படும்போது அதன் நிழல் கண்ணாடி மேல் விழும். கண்ணாடி பால் போல் மங்கலாக இருப்பதால் அந்த நிழல் உள்ளிருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரியும். மணிக் கோடுகளும் எண்களும் உள்பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். வெயிலில் இறங்காமல், காபி குடித்தபடியே மணி பார்க்கலாம்.

இந்தக் கலை தழைத்தது 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில். லண்டனில் ஜான் ஆலிவர், யார்க் நகரில் ஹென்றி ஜைல்ஸ் ஆகிய கண்ணாடி ஓவியர்கள் இதில் பெயர் பெற்றவர்கள். பெட்ஃபோர்டுஷையரில் நார்த்தில் என்ற ஊரில் ஆலிவர் 1664-இல் செய்ததும், யார்க்ஷையரில் நன் ஆப்பிள்டன் மாளிகைக்கு ஜைல்ஸ் 1670-இல் செய்ததும் இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் படம் பார்த்துப் படிப்பவை. ஊசல் கடிகாரம் 1656-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கடிகாரத்தைச் சரிபார்த்துத் திருத்த, வீட்டில் இருப்பவர்களுக்குச் சூரியன்தான் ஆதாரம். வீட்டுக்குள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தெற்குச் சுவரில் மாட்டிய சூரியக் கடிகாரத்தை வெளியே நின்று பார்த்தால் நிழல் இடமிருந்து கீழிறங்கி வலம் போகும். நம் கைக்கடிகார முள்ளுக்கு நேர் எதிர். அதையே வீட்டுக்குள்ளிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தால் கடிகார முள் போகும் திசையிலேயே போகும்.

அண்ணன் வீட்டுக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டும். நான் என்ன விவரம் தர வேண்டும்?

எந்த ஊர், எந்தச் சன்னல், அது எந்தப் பக்கம் பார்க்கிறது, மேலே சன்ஷேடு எவ்வளவு நீளம், வெளியே கம்பி கிராதி இருக்கிறதா, எதிரே மரமோ அடுக்குமாடியோ உண்டா. இவை போதும். காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் அந்தச் சன்னலை உள்ளிருந்து போனில் படம் எடுத்து அனுப்பினால் பாதி வேலை முடிந்தது.

சூரியக் கடிகாரத்தைப் பொதுவாகச் செய்துவைத்து விற்க முடியாது. ஒவ்வொன்றும் உலகத்தில் ஒரே ஒரு சன்னலுக்காகச் செய்யப்படுவது. ஆச்சரியமாகக் கொடுக்க வேண்டும், அண்ணனுக்குத் தெரியக் கூடாது என்பீர்கள். அப்படியானால் அண்ணியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்குக்கூடச் சொல்லாமல் சன்னலை அளக்க வழி கிடையாது.

தெற்குச் சன்னல்தான் நல்லது என்று படித்தேனே?

படித்தது சரி, ஆனால் அது லண்டனுக்கு. நம் ஊருக்கு அதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நானே அந்தத் தவறைச் செய்திருக்கிறேன்.

என் சித்தி மகளின் புது வீட்டுக்கு, மாடிப்படிச் சன்னலில் மாட்ட ஒன்று செய்தேன். தெற்குப் பார்த்த சன்னல், மேலே சன்ஷேடு இல்லை. மார்ச் கடைசியில் மாட்டினோம். காலை எட்டு மணிக்கெல்லாம் நிழல் அழகாக விழுந்தது. ஏப்ரல் பத்து வாக்கில் தங்கை கூப்பிட்டாள். "அண்ணா, நிழல் தினமும் லேட்டா வருது, சீக்கிரமா போயிடுது." இருபதாம் தேதிக்குப் பிறகு நிழல் வரவே இல்லை.

காரணம் எளிது. கோவை 11 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சூரியன் கோடையில் 23.4 டிகிரி வரை வடக்கே போகும். ஏப்ரல் 19-ஐ ஒட்டி நண்பகலில் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும், அதுதான் நிழலில்லா நாள். அதற்குப் பிறகு ஆகஸ்ட் 24 வரை நாள் முழுக்கச் சூரியன் சுவருக்கு வடக்கே போய்விடுகிறது. தெற்குச் சுவரில் ஒரு துளி வெயில் விழாது. சென்னையில் இந்த இடைவெளி ஏறக்குறைய ஏப்ரல் 25 முதல் ஆகஸ்ட் 18 வரை. நான்கு மாதம் ஊமையாக நிற்கும் கடிகாரத்தை மனம் ஒப்பிப் பரிசாகக் கொடுக்க என்னால் முடியாது.

ஆகவே தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கிழக்குச் சன்னல்தான் என் முதல் தேர்வு. ஆண்டின் எல்லா நாளும் காலை வெயில் அதில் விழும். கிழக்கு இல்லையென்றால் மேற்கு. அது மாலைக் கடிகாரம், பள்ளி விட்டு வரும் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு மிகப் பொருத்தம். பிறகு தங்கைக்குக் கிழக்குச் சன்னலில் மாட்ட ஒன்று செய்து கொடுத்தேன். பழையதும் படிக்கட்டில் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் நண்பகலை ஒட்டி நிழல் முதன்முதலாகத் திரும்பி வரும் நாளை அவள் வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்திருக்கிறார்கள்.

சன்ஷேடு இருந்தால் என்ன ஆகும்?

இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நம் கட்டடங்களில் சன்ஷேடு போடுவதே வெயிலைத் தடுக்க. 60 செ.மீ. நீண்ட சன்ஷேடு உள்ள தெற்குச் சன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். கோவையில் டிசம்பர் நண்பகலில் அதன் நிழல் 87 செ.மீ. கீழே வரை இறங்கும். மார்ச் 21 நண்பகலில் 3 மீட்டர் இறங்கும், அதாவது சன்னல் முழுதும் இருட்டு.

கிழக்குச் சன்னலில் நிலைமை நல்லது. காலை வெயில் தாழ்வாக வருவதால் சன்ஷேடுக்கு அடியில் புகுந்துவிடும். மார்ச் 21 வாக்கில், சூரிய மணி (சூரியன் உச்சிக்கு வருவதைப் பன்னிரண்டாக வைத்து எண்ணும் மணி) எட்டுக்கு 34 செ.மீ., ஒன்பதுக்கு 59 செ.மீ., பத்துக்கு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக நிழல் இறங்கும். எனவே கடிகாரத்தைச் சன்னலின் கீழ்ப்பாதியில் வைக்கிறேன். கம்பி சன்ஷேடுக்கு 90 செ.மீ. கீழே இருந்தால் சுமார் பத்து மணி வரை ஓடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் சன்ஷேடு இல்லாத இடம் தேட வேண்டும்.

வெளிக் கிராதியும் தொல்லைதான். ஒவ்வொரு இரும்புக் கம்பியும் தன் பங்குக்கு ஒரு நிழல் போடும், எது மணி காட்டும் நிழல் என்றே தெரியாது. கிராதி இல்லாத மாடிப்படிக் கண்ணாடியே சிறந்த இடம்.

கிழக்குச் சன்னல் கடிகாரத்தை எப்படி வரைகிறீர்கள்?

இதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை, பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும்.

கம்பியைக் கண்ணாடிக்கு இணையாக, இரண்டு சின்னக் கால்களின் மேல் தூக்கி நிறுத்துகிறோம். அது பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். எனவே வடக்கு முனை ஊரின் அட்சரேகை அளவுக்கு உயர்ந்து சாய்ந்திருக்கும். கோவைக்கு 11 டிகிரி, சென்னைக்கு 13, யாழ்ப்பாணத்துக்கு 9.7. உள்ளிருந்து பார்த்தால் வடக்கு நம் இடக்கைப் பக்கம். மணிக் கோடுகள் எல்லாம் கம்பிக்கு இணையாக, ஏணிப்படி போல ஒன்றன் கீழ் ஒன்றாக வரும். சூரியன் ஏற ஏற நிழல் படி இறங்கும்.

ஆறு மணிக் கோடு கம்பிக்கு நேர் பின்னால். மற்றவற்றின் தூரம், கம்பியின் உயரத்தை ஆறிலிருந்து கடந்த கோணத்தின் டேன்ஜெண்டால் பெருக்கினால் வரும். மணிக்கு 15 டிகிரி. கம்பி கண்ணாடியிலிருந்து 7 செ.மீ. தள்ளி இருந்தால், ஏழு மணி 1.9 செ.மீ.யில், எட்டு 4.0-இல், ஒன்பது சரியாக 7-இல், பத்து 12.1-இல், பதினொன்று 26.1-இல். பன்னிரண்டு மணிக் கோடு கிடையாது. அப்போது வெயில் சுவரோடு சுவராகப் போய்விடும், நிழல் எல்லையில்லாமல் ஓடும்.

காலையில் கோடுகள் நெருக்கமாக இருப்பதும் பத்துக்கு மேல் நிழல் வேகமெடுப்பதும் பார்க்க அவ்வளவு அழகு. ஒன்பதிலிருந்து பத்துக்குள் 5 செ.மீ. நகரும் நிழல், அடுத்த மணி நேரத்தில் 14 செ.மீ. ஓடும். கண் முன்னே நகர்வது தெரியும்.

சன்னல் நேர் கிழக்கா என்று போன் காம்பஸில் பார்த்தால் போதுமா?

போதாது. கிராதி இரும்பு, கதவுக் கீல் இரும்பு, சுவருக்குள் முறுக்குக் கம்பி. காம்பஸ் பத்து டிகிரி தவறிக் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். சூரியனையே கேட்பதுதான் நம்பகம்.

ஒரு சுவர் சரியாகக் கிழக்குப் பார்த்தால், அந்த ஊரின் சூரிய நண்பகலில் வெயில் அதை விட்டு நீங்கும். டிசம்பர் 25-ஐ ஒட்டிய நாட்களில் கோவையில் அது 12 மணி 22 நிமிடத்துக்கு. சன்ஷேடு படாத வெற்றுச் சுவர்ப் பகுதியில் ஒரு பென்சிலைச் சுவரிலிருந்து நேராக வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு, அதன் நிழல் எப்போது மறைகிறது என்று பாருங்கள். முன்னதாக மறைந்தால் சுவர் வடகிழக்குப் பக்கம் திரும்பியிருக்கிறது, பின்னால் மறைந்தால் தென்கிழக்குப் பக்கம். அந்த மாதத்தில் ஒரு நிமிடம் ஏறக்குறைய 0.4 டிகிரி. கோடையில் சூரியன் உச்சியில் நிற்பதால் இந்த முறை சரிவராது. அப்போது மாடித் தளத்தில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, நண்பகல் நிழலில் வடக்கு–தெற்குக் கோடு கிழித்து, அதிலிருந்து சுவரை அளக்கிறேன்.

கைக்கடிகாரத்தோடு சரியாக ஒத்துப்போகுமா?

அப்படியே ஒத்துப்போகாது. அதற்கு இரண்டு காரணங்கள்.

முதலாவது, ஊர். இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கானது. டிகிரிக்கு 4 நிமிடம் என்ற கணக்கில் கோவை 22 நிமிடம் பின்தங்கியிருக்கிறது, மதுரை 17 அல்லது 18, சென்னை 9. இது ஆண்டு முழுக்க மாறாது. ஆகவே கோடுகளையே தள்ளி வரைந்து சரிசெய்துவிடலாம்.

இரண்டாவது, சூரியன். பூமியின் சுற்றுப்பாதை முழு வட்டம் அல்ல, அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் நவம்பர் 3 வாக்கில் சூரியன் 16 நிமிடம் முந்தும், பிப்ரவரி 11 வாக்கில் 14 நிமிடம் பிந்தும். ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களை ஒட்டி மட்டும் வித்தியாசம் பூஜ்யம். இதை ஒரு சின்ன அட்டையில் மாதவாரியாக எழுதி, சட்டத்தின் பின்னால் செருகிக் கொடுக்கிறேன். அட்டையைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டு மூன்று நிமிடத் துல்லியம் வரும்.

துல்லியத்துக்கு எல்லை வைப்பது சூரியனின் உருவம். அது புள்ளி அல்ல, வானில் அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அதனால் நிழலின் ஓரம் மங்கும். கம்பிக்கும் நிழலுக்கும் உள்ள தூரத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு மங்கல். நிழலின் நடுவைப் பார்த்து மணி சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும். ஜெய்ப்பூரின் சாம்ராட் யந்திரம் என்ற பெரிய சூரியக் கடிகாரம் 27 மீட்டர் உயரம் இருப்பதால் நிமிடத்துக்குக் கீழே போகிறது. நம்முடையது ஒரு சன்னல்.

எந்த நிறக் கண்ணாடி வேண்டுமானாலும் போடலாமா?

ஓரத்தில் போடலாம், முகத்தில் கூடாது. தெளிவான கண்ணாடியில் நிழல் விழாது, ஒளி அப்படியே ஊடுருவிப் போய்விடும். கரும் நீலத்தில் நிழல் விழும், ஆனால் தெரியாது. முகத்துக்குப் பால் வெள்ளை, வெளிர் மஞ்சள், தந்த நிறம் ஆகியவைதான் சரி. மயில் நீலம், மாணிக்கச் சிவப்பு எல்லாம் சுற்றுக் கரையில் வரட்டும். புடவைக்குக் கரை போல.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உண்மையான வண்ணக் கண்ணாடியில் நிறம் உருக்கும்போதே கலந்தது. நீலத்துக்குக் கோபால்ட், ஊதாவுக்கு மாங்கனீஸ், பச்சைக்கு இரும்பு அல்லது செம்பு. அது நூறாண்டு வெயிலிலும் மங்காது. இன்னொன்று சாதாரணக் கண்ணாடி மேல் சாயம் பூசியது. ஒருமுறை ஒரு கடையில் அதை நம்பி வாங்கி, ஆறு மாத வெயிலில் சிவப்பு வெளுத்து, கரையை முழுக்கப் பிரித்து மாற்ற வேண்டியிருந்தது. துண்டின் ஓரத்தைப் பாருங்கள். வெட்டுமுகத்திலும் அதே நிறம் இருந்தால் அசல்.

துண்டுகளை எப்படி இணைக்கிறீர்கள்?

இரண்டு வழி. தேவாலயச் சன்னல்களில் இருப்பது போல ஈயப் பட்டையில் கண்ணாடியைச் செருகி மூட்டுகளைப் பற்றவைப்பது ஒன்று. ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் செப்பு டேப் ஒட்டி, நீளத்துக்கும் சால்டர் ஓட்டுவது மற்றொன்று. சின்ன அளவுக்குச் செப்பு டேப் போதும், நுணுக்கமும் வரும். 45 செ.மீ.க்கு மேல், வெளியில் மழை படும் இடம் என்றால் ஈயப் பட்டைதான். ஆளி விதை எண்ணெயும் சுண்ணப் பொடியும் பிசைந்த புட்டியை இடுக்கெல்லாம் தேய்த்து அடைத்தால் தண்ணீர் புகாது.

மணிக் கோடுகளையே ஈயக் கோடாகப் போடச் சொல்வார்கள் சிலர். வேண்டாம் என்பேன். சரியாக எட்டு மணிக்கு நிழல் ஈயத்தின் மேல் போய் ஒளிந்துகொள்ளும். கோடும் எண்ணும் மெல்லியதாக எழுதி, சூளையில் 650 டிகிரிக்கு அருகில் சுட்டு எடுக்கிறேன். அந்த மை கண்ணாடித் தூளும் இரும்பு ஆக்சைடும் கலந்தது. சுட்டபின் கண்ணாடியோடு கண்ணாடியாகிவிடும், நகத்தால் சுரண்டினாலும் வராது. பொன் மஞ்சள் வேண்டுமென்றால் வெள்ளி உப்பு பூசிச் சுட வேண்டும். ஐரோப்பாவில் 14-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலிருந்து இருக்கும் முறை. சூளையை ராத்திரி முழுக்க மூடியே ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் டிக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், எல்லாம் போச்சு.

கம்பி?

4 மி.மீ. பித்தளை. பழைய ஆங்கிலக் கடிகாரங்கள் பலவற்றில் கம்பி இன்று இல்லை, அது நின்ற துளை மட்டும் இருக்கிறது. கண்ணாடியில் துளையிட்டு மாட்டினால் காலப்போக்கில் அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். எனவே நான் துளையிடுவதில்லை. கம்பியின் இரண்டு கால்களும் ஈயக் கோடுகள் சந்திக்கும் மூட்டில் வந்து நிற்கும்படி வடிவத்தையே அமைத்து, மூட்டோடு சேர்த்துப் பற்றவைக்கிறேன். படத்தில் கொடி எங்கே வளைய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இந்த இரண்டு புள்ளிகள்தான்.

தமிழ் எண்களில் எழுதலாமா? நாழிகை காட்டுமா?

தாராளமாக எழுதலாம். ௬, ௭, ௮, ௯, ௰, ௰௧. தூரிகையில் எழுத இவற்றைப் போல அழகான உருக்கள் இல்லை. தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் இதைப் பார்த்ததும் பேச்சு களைகட்டும்.

நாழிகை 24 நிமிடம், அதாவது 6 டிகிரி. மணிக் கோடுகளுக்கு நடுவே மெல்லிய நாழிகைக் கோடு போட்டுத் தருகிறேன். ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். நம் முன்னோர் நாழிகையைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணினார்கள், கடிகாரத்தின் கோடு சூரிய மணி ஆறிலிருந்து எண்ணுகிறது. நம் அட்சத்தில் உதயம் ஆண்டு முழுக்க ஆறுக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரு நாழிகைக்குள்தான் அலைகிறது. எனவே பெரிய பிழை வராது. லண்டனில் இதைச் செய்யவே முடியாது.

வயலில் நிழல் பார்த்து நாழிகை சொல்லும் வித்தை இங்கே இருந்ததுதான். பதினாறு விரற்கடை (விரல் அகலம்) நீளத் துரும்பை மடித்து, ஒரு பகுதியைத் தரையில் கிடத்தி மறு பகுதியை நிறுத்துவார்கள். நின்ற பகுதியின் நிழல் கிடந்த பகுதியின் நுனியைத் தொடும்படி மடிப்பை நகர்த்துவார்கள். நின்றது எத்தனை விரற்கடையோ அத்தனை நாழிகை.

திருமண நாளையோ பிறந்த நாளையோ இதில் காட்ட முடியுமா?

முடியும், பரிசுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. கம்பியில் ஒரு சின்னப் பித்தளை மணியைக் கோத்துவிடுகிறேன். அந்த மணியின் நிழல் ஒவ்வொரு நாளும் வேறு பாதையில் போகும். மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்கில் நேர்கோடு, மற்ற நாட்களில் வளைவு. வேண்டிய நாளின் வளைவைக் கணக்கிட்டு, வெள்ளி மஞ்சளில் ஒரு இழை வரைந்துவிட்டால், அந்த நாள் காலை முழுவதும் மணியின் நிழல் அந்த இழை மேலேயே நடக்கும்.

ஆண்டில் இன்னொரு நாளும் அதே பாதையில் நடக்கும். பிப்ரவரி 5-க்குப் போட்ட இழையில் நவம்பர் 6-ஆம் தேதியும் நிழல் போகும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். ஒரு தம்பதிக்கு அந்த இரண்டாவது நாள், ஒரு நாள் முன்பின்னாக, மகளின் பிறந்த நாளாக அமைந்தது. ஒரே இழை, இரண்டு பெயரும் எழுதினோம்.

பழைய கடிகாரங்களில் ஈ வரைந்திருக்கிறதே, எங்களுக்கும் வேண்டும்?

ஆங்கிலத்தில் ஈக்கும் பறப்பதற்கும் ஒரே சொல், காலம் பறக்கிறது என்பதற்காக வரைந்தார்கள். சிறகைக் கண்ணாடியின் ஒரு பக்கமும் கால்களை மறுபக்கமும் வரைந்து, நிஜ ஈ உட்கார்ந்தது போலவே காட்டிய திறமை மலைக்க வைக்கும். ஆனால் அந்தச் சிலேடை தமிழில் பிறக்காது. நமக்கு நம்முடைய சொல்லே இருக்கிறது. கம்பியில் கோத்த மணியின் நிழல் மணி காட்டுகிறது. நான் ஈ வரைவதில்லை, மணி கோக்கிறேன்.

வாசகம் கேட்டால், நிலையாமை பேசும் வரிகளைப் புதுமனைக்கு எழுதித் தர மாட்டேன். பெயர், ஊர், நாள். அவ்வளவு போதும்.

டொராண்டோவில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் அங்கே கணக்கு முழுக்க மாறும். 43.7 டிகிரி அட்சத்தில் தெற்குச் சன்னல் ஆண்டு முழுக்க வேலை செய்யும். உச்சக் கோடையிலும் சூரிய மணி ஏறக்குறைய எட்டிலிருந்து நான்கு வரை வெயில் விழும். ஊர்த் திருத்தம் 17 அல்லது 18 நிமிடம். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைப்பதால் இரண்டு வரிசை எண் எழுதுகிறேன், உள்வரிசை குளிர்காலத்துக்கு, வெளிவரிசை கோடைக்கு. அங்கே சன்னல்கள் இரட்டைக் கண்ணாடி, அதில் எதையும் பற்றவைக்க முடியாது. ஆழமான சட்டத்தில் பொருத்தி, சன்னலுக்கு உட்புறம், கம்பிக்கு இடம் விட்டு மாட்ட வேண்டும்.

சிங்கப்பூருக்கு ஊர்த் திருத்தமே ஒரு மணி ஐந்து நிமிடம் வரும். சிட்னிக்கு வடக்குச் சன்னல்.

ஈயம் ஆபத்தில்லையா?

மாட்டிய பின் தொடாமல் இருந்தால் கவலை இல்லை. குழந்தை கைக்கெட்டும் உயரத்திலும் சாப்பாட்டு மேசையோரத்திலும் வேண்டாம். செய்யும்போதுதான் கவனம் தேவை. பட்டறையில் சாப்பிடக் கூடாது, வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், பற்றவைக்கப் பூசும் ஃப்ளக்ஸின் புகை முகத்தில் அடிக்காமல் மின்விசிறியை வெளிப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். கர்ப்பிணிகள் அந்த அறைக்கே வர வேண்டாம்.

வாடகை வீடு. மாறிப் போனால் வீணாகிவிடுமா?

கிழக்குச் சன்னல் கடிகாரத்தின் பெருமையே இங்கேதான். கோடுகளுக்கு இடையிலான தூரம் எந்த ஊருக்கும் ஒன்றுதான், சாய்வு மட்டும் மாறும். கோவையிலிருந்து சென்னைக்குப் போனால் சட்டத்துக்குள் 2 டிகிரி கூடுதலாகச் சாய்த்து மாட்டினால் போதும். ஆனால் ஊர்த் திருத்தத்தைக் கோட்டிலேயே சேர்த்திருந்தால் சென்னையில் 13 நிமிடம் முந்திக் காட்டும். எனவே வாடகை வீட்டுக்காரர்களுக்கு அந்த 22 நிமிடத்தை அட்டையில்தான் எழுதுகிறேன்.

நானே செய்து பார்க்கலாமா?

கட்டாயம் செய்யுங்கள். ஆனால் கண்ணாடியில் தொடங்காதீர்கள். ஒரு பட்டர் பேப்பரில் மேலே சொன்ன அளவில் கோடு போட்டுச் சன்னல் கண்ணாடியில் ஒட்டுங்கள். பழைய குடைக்கம்பியை 7 செ.மீ. உயரத் தக்கைகள் இரண்டின் மேல் வைத்து, சாய்வு பார்த்து டேப் போட்டு நிறுத்துங்கள். ஒரு வாரம் தினமும் பார்த்து, நிழல் கோட்டைத் தொடும் நேரத்தைக் குறித்து வையுங்கள். எல்லா மணியிலும் ஒரே அளவு வித்தியாசம் வந்தால் ஊர்த் திருத்தத்தைப் பாருங்கள். ஒவ்வொரு மணியிலும் வித்தியாசம் மாறிக்கொண்டே போனால் திசை அல்லது கம்பி உயரம் தவறு. நானும் ஒவ்வொரு கடிகாரத்துக்கும் இந்த ஒரு வாரத்தைச் செலவழிக்கிறேன். கேட்ட நாளிலிருந்து மூன்று வாரம் ஆவது இதனால்தான்.

பரிசு கொடுக்கும் நாளில் மழையாக இருந்தால்?

அட்டையோடு கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். பெரியப்பாவின் மணிவிழா ஆடியில் வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் அடைத்துக்கொண்டு நின்ற வாரம். மாட்டிய அன்று நிழல் இல்லை, மறுநாளும் இல்லை. உறவினர்கள் எல்லோரும் அழகான வண்ணக் கண்ணாடி என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். ஐந்தாம் நாள் காலை போன் அடித்தது.

"தம்பி, சுவர்க் கடிகாரத்துல எட்டு ஆறு. இங்க நிழல் சரியா எட்டுல நிக்குது. அட்டையில ஜூலை கடைசிக்கு ஆறு கூட்டுன்னு எழுதியிருக்க. கூட்டிட்டேன்."